தென்கடல் காதுக்குக் கேட்ட அலபாமா

பாம்பனில் “கடலுக்குப் போயிருக்காக” என்று மட்டும் சொன்னால் அது பாதிச் செய்திதான். வடகடலா, தென்கடலா என்று உடனே அடுத்த கேள்வி வரும். பாலத்துக்கு வடக்கே பாக் நீரிணைப் பக்கம் வடகடல். தெற்கே மன்னார் வளைகுடா தென்கடல். ஐப்பசியில் வாடை இறங்கிவிட்டால் வடகடல் முறுக்கிக்கொள்ளும், படகுகளைத் தென்பக்கம் கொண்டுவந்து கட்டுவார்கள். கச்சான் காற்று எழும்பும் மாதங்களில் தென்கடல் நிற்கவிடாது, மறுபடி வடக்கே. எங்கள் வீடு தெற்குவாடியில். அப்பா நாட்டுப்படகுக்காரர். எழுபத்தாறு வயதாகிறது, இப்போது கடலுக்குப் போவதில்லை.

இருட்டில் எதிரே வரும் படகிலிருந்து ஓர் ஆள் சத்தம் கொடுத்தால் போதும். அவர் தங்கச்சிமடமா, மூக்கையூரா, தொண்டிப் பக்கமா என்று அப்பா சொல்லிவிடுவார். முகம் தெரியாது, படகின் எண் தெரியாது, எஞ்சின் சத்தத்தில் பாதி வார்த்தை கரைந்துபோயிருக்கும். “அவன் இழுக்குற இழுவையிலயே ஊரு தெரியுதுல்ல” என்பார். சின்ன வயதில் அது எனக்கு வித்தை மாதிரித் தெரிந்தது. பிறகு அதே வேலையை, பார்த்தே இராத அமெரிக்கர்களின் குரல்களை வைத்துக்கொண்டு, பதின்மூன்று வருஷம் நானும் செய்தேன். என் வீட்டு உலை அதில்தான் கொதித்தது.

2006 முதல் 2019 வரை ராமநாதபுரம் அரண்மனைக்குப் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் எனக்கு மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலை. அமெரிக்காவில் டாக்டர் நோயாளியைப் பார்த்து முடித்ததும் தன் குறிப்பைப் பேசிப் பதிந்துவிடுவார். அந்த ஒலிக்கோப்பு எங்களுக்கு வரும். நியூயார்க்கில் சாயங்காலம் ஆறு மணி என்றால் நமக்கு விடிகாலை மூன்றரை, அவர்களுடைய குளிர்காலத்தில் நாலரை. காதில் ஹெட்போன், காலடியில் பெடல். நடுவில் மிதித்தால் ஓடும், ஓரத்தில் மிதித்தால் பின்னால் போகும். கேட்டதைத் தட்டச்சு செய்ய வேண்டும். இடைவெளியும் சேர்த்து 65 எழுத்து ஒரு வரி, வரிக்கு இவ்வளவு என்று கூலி. புரியாத சொல்லுக்குக் கோடு போட்டு இடம் விடலாம். அதற்குப் பெயர் பிளாங்க். பிளாங்க் கூடினால் மதிப்பெண் குறையும், மதிப்பெண் குறைந்தால் மாதக் கடைசியில் பணம் குறையும். நோயாளிகளின் விவரத்தைக் காக்க அங்கே 1996-லேயே ஹிப்பா என்று ஒரு சட்டம் வந்துவிட்டது. நானும் அதற்குக் கையெழுத்துப் போட்டவள். இந்தப் பதிவில் எந்த டாக்டரும் எந்த நோயாளியும் அடையாளத்தோடு வரமாட்டார்கள். குரல்கள் மட்டும் வரும்.

பள்ளியில் படிக்கும்போது அமெரிக்காவுக்கும் எங்கள் ஊருக்கும் ஒரே ஒரு சம்பந்தம்தான் தெரியும். சிகாகோவில் பேசிவிட்டுத் திரும்பிய விவேகானந்தர் 1897 ஜனவரி 26 அன்று பாம்பன் குந்துகாலில் கரையிறங்கினார். அந்த இடத்துக்கு எங்களைக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். அமெரிக்கா என்றால் ஒரே நாடு, ஒரே இங்கிலீஷ் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வேலைக்கு முன் சென்னையில் தந்த மூன்று மாதப் பயிற்சியும் அதையேதான் சொன்னது. செய்தி வாசிப்பது போன்ற ஒரே குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பழகினோம்.

ராமநாதபுரம் வந்த முதல் வாரமே அலபாமா மாநிலத்து டாக்டர் ஒருவரின் கோப்பு என் கணினியில் விழுந்தது. வலது கண்ணில் வலி என்பது அவர் சொன்ன விஷயம். ‘பெயின் இன் த ரைட் ஐ’. என் காதில் விழுந்தது ‘பைன் இன் த ராட் ஆ’. பெடலைப் பின்னால் மிதித்து மிதித்து இருபது தடவை கேட்டிருப்பேன். ஒரே வாக்கியத்தில் மூன்று பிளாங்க் விட்டேன். அன்றைக்குப் பேருந்தில் பாம்பன் திரும்பும்போது இந்த வேலை நமக்குச் சரிவராது என்றே முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் என்னைக் காப்பாற்றியவர் எங்கள் பிழைதிருத்துநர். கீழக்கரைக்காரர், எல்லாரும் லாத்தா என்றுதான் கூப்பிடுவோம். என் ஹெட்போனை வாங்கி ஒரு தடவை கேட்டார். “அவரு தப்பாச் சொல்லலெ புள்ள. ஒங் காது இன்னும் அவரு ஊருக்குப் போவலெ” என்றார். பிறகு ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்துக் கொடுத்தார். வார்த்தையைக் கேட்காதே, உயிரெழுத்தைக் கேள், இந்த டாக்டருக்கு ‘ஐ’ எங்கே போகிறது, ‘எ’ எங்கே போகிறது என்று மட்டும் எழுது என்றார். டாக்டருக்கு ஒரு பக்கம். பெயர் எழுதக்கூடாது, எண் மட்டும்.

அந்த நோட்டு நிரம்ப நிரம்பத்தான் அமெரிக்கா ஒரு தேசமாக எனக்குத் தெரிய ஆரம்பித்தது.

தெற்கு மாநிலங்களில் ‘ஐ’ என்ற ஒலி நெகிழாமல் நீண்டு ‘ஆ’ ஆகிவிடுகிறது. முதுகெலும்பு ‘ஸ்பைன்’ அவர்களுக்கு ‘ஸ்பான்’. பித்தம் ‘பைல்’ அவர்களுக்கு ‘பால்’. இதிலும் ஒரு ஒழுங்கு உண்டு. தெற்கில் பெரும்பாலோர் ‘ரைட்’ என்று சவாரியைச் சொல்லும்போது ‘ராட்’ ஆக்குவார்கள், அந்தச் சொல்லின் கடைசி ஒலி மெலிந்தது. ஆனால் வலது பக்கத்தைக் குறிக்கும் ‘ரைட்’டுக்கு முடிவு வல்லொலி. அதை ‘ராட்’ ஆக்குகிறவர்கள் அப்பலாச்சிய மலைப் பக்கத்தாரும் டெக்சாஸ் பகுதியாரும்தான் அதிகம். கடலோரத் தெற்கில் அந்த ‘ரைட்’ பெரும்பாலும் ‘ரைட்’டாகவே நிற்கும். ஆக, தெற்குக்கு உள்ளேயே ஒரு மேட்டு நிலமும் ஒரு கரையும் இருக்கின்றன. ‘நல்ல வெள்ளைச் சோறு’ என்பதற்கான ‘நைஸ் வைட் ரைஸ்’ என்ற மூன்று சொல்லைச் சொல்லவைத்தாலே ஆள் மலையா, கரையா என்று ஓரளவு பிடித்துவிடலாம். இது தெரிந்த அன்றைக்கு அப்பாவிடம் வந்து சொன்னேன். “நம்ம ஊரு மாதிரித்தான்னு சொல்லு” என்று மட்டும் சொல்லிவிட்டு வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

பேனாவுக்கான ‘பென்’னும் ஊசிக்கான ‘பின்’னும் தெற்கில் ஒன்றாகிவிட்டன. பத்து என்ற ‘டென்’ தகரம் என்ற ‘டின்’ மாதிரி வரும். எலும்பில் வைக்கும் பின்னா, ஒவ்வாமைக்குக் குத்திக்கொள்ளும் எபிபென்னா என்பதை முன்பின் வாக்கியம் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். அவர்களும் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். எழுதுகிற பேனாவை ‘இங்க் பென்’, மைப்பேனா, என்று சேர்த்தே சொல்வார்கள். ஒலி ஒன்றானால் ஓர் அடைமொழி வந்து நிற்கும்.

எங்களோடு வேலை பார்த்த ஒரு பையன் இதைக் கேட்டு, ரெண்டு எழுத்துக்குக்கூட வித்தியாசம் தெரியாத ஆட்களா என்று கேட்டான். எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. அரம் என்கிற கருவியையும் அறம் என்கிற தர்மத்தையும் நம்மில் எத்தனை பேர் வேறு வேறாக உச்சரிக்கிறோம்? ‘எந்த ர?’ என்று கேட்டால் ‘பெரிய ற’ என்கிறோம். ‘எந்த ன?’ என்றால் ‘ரெண்டு சுழி’ என்கிறோம். அது நம்முடைய மைப்பேனா. தமிழ்நாட்டில் இதற்காக யாரும் யாரையும் அறிவு குறைந்தவர் என்று சொல்வதில்லை, ஏனென்றால் எல்லாரும் அதைச் செய்கிறோம். ஒரு சிலர் மட்டும் செய்கிறபோதுதான் அது குறையாகிவிடுகிறது. ‘பளம்’ என்று சொல்கிற எங்கள் ஜில்லாக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

வடக்கும் நேரான இங்கிலீஷ் இல்லை. சிகாகோ, டெட்ராய்ட், கிளீவ்லாந்து, பஃபலோ என்று பேரேரிகளைச் சுற்றிய நகரங்களில் உயிரெழுத்துகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வட்டமாக நகர்ந்திருக்கின்றன. ‘ப்ளாக்’ என்ற அடைப்பு ‘ப்ளேக்’ என்ற கறுப்பை நெருங்கும். ‘சாக்’ என்ற காலுறை ‘சேக்’ என்ற மூட்டைப் பக்கம் சாயும். இதய அடைப்பு பற்றி ஒரு சிகாகோ டாக்டர் பேசும்போது கறுப்பு எங்கே வந்தது என்று நான் திகைத்திருக்கிறேன். ஆனால் அங்குள்ள பலருக்குத் தாங்கள் இப்படிப் பேசுகிறோம் என்பதே தெரியாது. அலபாமாக்காரருக்குத் தன் பேச்சு தெரியும், ஏனென்றால் வாழ்க்கை முழுக்க மற்றவர்கள் அதைச் சுட்டிக்காட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

பாஸ்டன் டாக்டர்களுக்கு ‘ர’ விழுந்துவிடும். ஹார்ட் ‘ஹாட்’ ஆகும், சார்ட் ‘சாட்’ ஆகும். இது வடக்கின் அடையாளம் என்று நோட்டில் எழுதிவைத்தேன். பிறகு தெற்கே சார்ல்ஸ்டன், சவானா பக்கத்து வயதான டாக்டர்களும் அதே ‘ர’வை விழுங்குவது கேட்டது, எழுதியதை அடித்தேன். இவை எல்லாமே துறைமுகங்கள். லண்டனோடு கப்பல் போக்குவரத்து வைத்திருந்த ஊர்கள், அங்கே வந்த பாணி இங்கேயும் இறங்கியது. ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்கூட அந்த ‘ர’வைச் சொல்லாதவர், அந்தக் காலத்தில் அது மேட்டிமையின் அடையாளம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு காற்று திரும்பிவிட்டது. ‘ர’வை உச்சரிப்பதுதான் கௌரவம் என்றாகி, விழுங்குவது சாதாரண ஜனத்தின் பேச்சாகிவிட்டது. ஒலி அப்படியே இருந்தது, அதற்குக் கொடுத்த மரியாதைதான் மாறியது.

1962-ல் வில்லியம் லபோவ் என்ற மொழியியல் மாணவர் நியூயார்க்கில் மூன்று கடைகளுக்குப் போய், நாலாவது மாடியில் இருக்கிற ஒரு பொருளைக் கேட்டார். பதிலில் ‘ஃபோர்த் ஃப்ளோர்’ என்று வந்தே ஆக வேண்டும், அதில் ரெண்டு ‘ர’. பணக்காரர் போகும் சேக்ஸ் கடை ஊழியர்களிடம் ‘ர’ அதிகம், மேசிஸ் கடையில் நடுத்தரம், மலிவுக் கடையான க்ளைனில் மிகக் குறைவு. சம்பளத்தை விட, யாருக்கு எதிரே நின்று பேசுகிறோம் என்பது நாக்கில் ஏறிவிடுகிறது. ராமேசுவரம் சன்னதித் தெருவில் ஒரே கடைக்காரர் வடநாட்டு யாத்ரிகரிடமும் மதுரைக்காரரிடமும் எங்களிடமும் மூன்று மாதிரிப் பேசுவதைக் கேட்டு வளர்ந்தவளுக்கு இது உடனே புரிந்தது.

இந்த வடக்கு தெற்குக் கோடு எப்படி விழுந்தது என்று பிறகு தேடித்தேடிப் படித்தேன். பென்சில்வேனியாவுக்கும் மேரிலாந்துக்கும் நடுவே 1763 முதல் 1767 வரை மேசன், டிக்சன் என்ற ரெண்டு பேர் நிலம் அளந்து போட்ட எல்லைதான் மனசில் இன்றைக்கும் வடக்கையும் தெற்கையும் பிரிக்கிறது. ஆனால் பேச்சு அந்தக் கோட்டைப் பார்த்துப் பிரியவில்லை. ஜனம் நடந்த வழியில் பிரிந்தது. பாஸ்டன் பக்கத்து நியூ இங்கிலாந்துக்காரர்கள் 1825-ல் திறந்த ஈரி கால்வாய் வழியாகப் பேரேரிகளுக்குப் போனார்கள். பென்சில்வேனியாக்காரர்கள் நேர் மேற்கே நடந்தார்கள். வர்ஜீனியா, கரோலினாக்காரர்கள் தெற்கு வழியாகப் பரவினார்கள். ஒவ்வொருவரும் தங்கள் நாக்கைக் கூடவே கொண்டுபோனார்கள்.

1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர். அடிமை முறையைக் காக்கப் பதினோரு மாநிலங்கள் பிரிந்துபோய்த் தோற்றன. தெற்குப் பேச்சு என்று இன்றைக்கு நாம் அடையாளம் காணும் பல ஒலிகள் பழங்காலத்திலிருந்தே அப்படியே வந்தவை என்றுதான் நினைத்திருந்தேன். கை பெய்லி என்ற ஆய்வாளரின் கணக்கு வேறு. ‘பின்’ ‘பென்’ ஒன்றானதும், ‘ஐ’ நீண்டதும் போருக்குப் பிறகு, 19-ம் நூற்றாண்டின் கடைசிக் காலில்தான் வேகமாகப் பரவின. ரயில் வந்து, பருத்தி ஆலையும் மரமறுப்பும் வந்து, தனித்தனியாகக் கிடந்த ஊர்கள் ஒன்றோடொன்று கலந்த காலம் அது. தோற்ற பிறகு, ‘நாங்கள்’ என்ற ஒன்று கெட்டியாகிக்கொண்டிருந்தபோதே பேச்சும் கெட்டியாகியிருக்கிறது.

அந்த ‘நாங்கள்’ யார் என்பதையும் சொல்ல வேண்டும். தெற்குப் பேச்சை உண்டாக்கியதில் கறுப்பின மக்களுக்குப் பெரும் பங்கு. சுமார் 1910 முதல் 1970 வரை அறுபது லட்சம் பேர் தெற்கை விட்டு வடக்கு, மேற்கு நகரங்களுக்குப் போனார்கள். டெட்ராய்ட் மருத்துவமனை ஒன்றின் குறிப்பில் நோயாளியின் வாய்மொழியாக ஒரு மிசிசிப்பிச் சொல் வந்து நிற்கும். வரைபடத்தில் வடக்கு, வாயில் தெற்கு. ராமேசுவரத்திலிருந்து போய்ச் சென்னை காசிமேட்டில் தங்கிவிட்டவர்கள் வீட்டில் நம் பேச்சு கேட்கிற மாதிரிதான்.

நோயாளிகளின் வாய்மொழிக்கு வருகிறேன். என் வேலையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான். டாக்டர் இலக்கணம் தப்பினால் நாங்கள் திருத்திவிடுவோம். நோயாளி சொன்னதை மேற்கோள் குறிக்குள் போட்டுச் சொன்னார் என்றால் அதில் ஓர் எழுத்தையும் தொடக்கூடாது. விதி அது.

தெற்கில் வயதானவர்கள் நீரிழிவை ‘சுகர்’ என்பார்கள். ‘எனக்குச் சுகர் இருக்கு’. எங்க அம்மா சொல்வதேதான். ரத்த அழுத்தத்துக்கு ‘ஹை பிளட்’, ரத்தம் கூடிப்போச்சு. சோகைக்கு ‘லோ பிளட்’. மயங்கி விழுந்தால் ‘ஃபெல் அவுட்’. உடம்பில் கட்டி வந்தால் அதற்கு ‘ரைசிங்’, எழும்பியிருப்பது. நாம் ‘கட்டி கெளம்பியிருக்கு’ என்போம். உடம்பு சரியில்லாமல் இளைத்துக் கிடந்தால் ‘பியூனி’. என்னோடு இருந்த சென்னைப் பெண்கள் இந்தச் சொற்களுக்கு அகராதியைப் புரட்டிக்கொண்டிருக்க, எனக்குச் சட்டென்று விளங்கிவிடும். பாம்பன் ஆஸ்பத்திரித் திண்ணையில் உட்கார்ந்து கேட்ட பேச்சு இது. உடம்பைப் பற்றி ஏழை ஜனம் எங்கேயும் கண்ணால் கண்டதை, உள்ளே உணர்ந்ததைத்தான் சொல்கிறது.

‘யால்’ என்ற சொல்லை முதலில் கேட்டபோது அது ஒரு பெயர் என்று நினைத்தேன். ‘யூ ஆல்’, அதாவது ‘நீங்கள்லாம்’. இங்கிலீஷில் ஒருமைக்கும் பன்மைக்கும் ‘யூ’ ஒன்றே என்பதால் ஓர் ஓட்டை விழுந்துவிட்டது. தெற்கு அதை ‘யால்’ போட்டு அடைத்தது. பிட்ஸ்பர்கில் ‘யின்ஸ்’, நியூயார்க் பக்கம் ‘யூஸ்’, மற்ற வடக்கில் ‘யூ கைஸ்’. நீ, நீங்க என்று பிறந்ததிலிருந்து பிரித்துப் பேசுகிற நமக்கு இதில் எது குறைபாடு என்று தோன்றும்? ‘யூ’ மட்டும் வைத்துக்கொண்டிருப்பதுதான்.

மரியாதையும் அப்படி. தெற்கில் பிள்ளைகள் பெற்றவர்களுக்குக்கூட ‘எஸ் மேம்’, ‘நோ சார்’ என்று பதில் சொல்வார்கள். அதே பதிலை வடக்கில் சொன்னால் கேலி செய்கிறாயா என்று முறைப்பவர்களும் உண்டு. அந்த ‘மேம்’ என் காதில் விழும்போதெல்லாம் நம் ‘ஆக’ நினைவுக்கு வரும். அவுக வந்தாக. சொன்னாக. போயிருக்காக. பெரியவர்களைப் பற்றி அந்த ‘ஆக’ இல்லாமல் பேசினால் எங்கள் வீட்டில் அடி விழும்.

அந்த ‘ஆக’வைச் சென்னையில் என்னிடமிருந்து பிடுங்கினார்கள். பயிற்சிக்குப் போன ரெண்டாம் நாள். “சார் வந்துட்டாக” என்றேன். வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து எனக்கு ‘வந்தாக’ என்றே பட்டப்பெயர். பயிற்சி கொடுத்தவர் நல்ல மனுஷர்தான், ஆனால் அவரும், “முதல்ல உங்க தமிழைச் சரி பண்ணுங்க, அப்புறம் இங்கிலீஷ் தானா வரும்” என்றார். நான் சரி செய்துகொண்டேன். மூன்று மாதத்தில் ‘வந்தாங்க’ பழகிவிட்டது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பேசும்போதும் அதுவே வந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் இருக்கிறது.

எங்கள் அலுவலகத்தில் தெற்கு டாக்டர்களின் கோப்புகளைக் ‘கஷ்டக் குரல்’ என்று தனியாகப் பிரித்து வைத்திருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து அங்கே போன டாக்டர்களும் அதே பட்டியல். அதில் ஆந்திரா நாக்கோடு பேசும் ஒருவர் இருந்தார். ‘யால்’ என்ற சொல்லை அவ்வளவு இயல்பாகப் பேசுவார், பல வருஷம் தெற்கிலேயே வாழ்ந்த ஆள் என்று அதிலேயே தெரியும். கஷ்டம் அவர்கள் குரலில் என்று அந்தப் பட்டியல் சொன்னது. சிகாகோ குரல் எனக்கு அதே அளவு கஷ்டமாக இருந்தும் அது அந்தப் பட்டியலில் இல்லை. இதை ஒரு கூட்டத்தில் எழுந்து கேட்டேன். பதில் வரவில்லை.

பதிலை டென்னிஸ் பிரெஸ்டன் என்பவரின் ஆய்வில் பிறகு படித்தேன். மிச்சிகன் மாநிலத்தவர்களிடம் எங்கே சரியான இங்கிலீஷ் பேசுகிறார்கள் என்று மதிப்பெண் போடச் சொன்னார். தங்கள் மாநிலத்துக்கே முதலிடம் கொடுத்தார்கள், தெற்கைக் கடைசியில் தள்ளினார்கள். தெற்குக்காரர்களோ, தங்கள் பேச்சு சரியானது என்று பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. இனிமையானது என்றார்கள். இதைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சரி என்பதை ஒருவர் எடுத்துக்கொண்டார், மற்றவருக்கு இனிமை மிஞ்சியது. எங்கள் பேச்சைக் கேட்கிற சென்னைச் சொந்தக்காரர்கள் “கேட்க நல்லாருக்கு” என்று சொல்வார்கள். பாராட்டுத்தான். ஆனாலும் நேர்முகத் தேர்வுக்குப் போகும் பிள்ளையிடம் அதே வாய், “அங்க போயி இப்படிப் பேசிராத” என்கிறது.

இந்த விஷயத்தில் என்னை முழுசாகப் புரட்டிப்போட்டதும் அதே லபோவ்தான். கடைகளுக்குப் போவதற்கு முந்தி, மாசசூசெட்ஸ் கரைக்கு எதிரே இருக்கிற மார்த்தாஸ் வைன்யார்ட் தீவில் அவர் செய்த ஆய்வு 1963-ல் வெளிவந்தது. அப்போது தீவில் வாழ்ந்தவர்கள் ஆறாயிரத்துக்கும் குறைவு. கோடையில் வந்து குவிந்தவர்கள் நாற்பதாயிரத்துக்கு மேல். வீடும் கடற்கரையும் கைமாறிக்கொண்டிருந்தன, மீன்பிடி நொடித்துக்கொண்டிருந்தது. அந்தத் தீவில் ‘ஐ’, ‘அவ்’ என்ற ரெண்டு ஒலிகளை வாயின் நடுவில் வைத்துச் சொல்கிற பழைய பழக்கம் தேய்ந்து போயிருந்தது. அது திரும்பி வருவதை லபோவ் கேட்டார். யாரிடம் அதிகம்? சில்மார்க் என்ற மீனவக் குடியிருப்பில். முப்பதிலிருந்து நாற்பத்தைந்து வயதுக்காரர்களிடம். தீவை விட்டுப் போகப்போவதில்லை என்று முடிவெடுத்தவர்களிடம். போக நினைத்த பிள்ளைகளிடம் அது இல்லை.

ஒரு தீவு. ஒரு பாலம் இல்லாத குறை தவிர, எல்லாம் எங்கள் தீவுதான். அக்கினி தீர்த்தத்துக்கும் தனுஷ்கோடிக்கும் வந்து குவிகிற வண்டிகளை நினைத்துக்கொண்டேன்.

அந்த ஆய்வில் கல்லூரிக்குப் போய்விட்டு ஊர் திரும்பிய ஓர் இளைஞர் வருகிறார். திரும்பிய பிறகுதான் அவர் பேச்சு படகுத்துறைக்காரர்களின் பேச்சாக மாறியது என்று அவருடைய தாயே சொல்கிறார். எனக்கு உடனே என் தம்பி முகம் வந்தது. மதுரையில் டிப்ளமா படித்தான், நாலு வருஷம் சென்னையில் ஒரு கம்பெனியில் இருந்தான், பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டு அப்பாவின் படகை எடுத்துக்கொண்டான். வந்த பிறகு அவன் பேசுகிற தமிழ் அப்பாவின் தமிழைவிடக் கனம். ‘அங்கிட்டு’, ‘இங்கிட்டு’, ‘வந்தாக’ எல்லாம் அழுத்தி வரும். வெளியூர்க்காரர் பக்கத்தில் இருந்தால் இன்னும் அழுத்துவான். அவன் நடிக்கிறான் என்று நான் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். அந்த ஆய்வைப் படித்த இரவு அவனுக்கு போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவனுக்கு விளங்கவில்லை. “இருக்கட்டுங்க்கா, நாளைக்கு வாடை, படகெத் தெக்கே கொண்டாரணும்” என்று வைத்துவிட்டான். அவன் இங்கே இருப்பது என்று முடிவெடுத்ததை நாக்கால் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். நான்தான் காதில் வாங்கவில்லை.

லபோவ் 2024 டிசம்பரில் தொண்ணூற்றேழு வயதில் இறந்துபோனார். செய்தியைப் பார்த்ததும் லாத்தாவுக்குத்தான் முதலில் சொன்னேன்.

அலபாமா டாக்டர்களின் பிள்ளைகள் இனி அப்படிப் பேசமாட்டார்கள் போலிருக்கிறது. வட கரோலினாவின் ராலே நகரத்துப் பக்கம் 1959-ல் ஆராய்ச்சிப் பூங்கா தொடங்கி, வடக்கிலிருந்து படித்தவர்கள் குடும்பத்தோடு வந்து இறங்கினார்கள். அவர்கள் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் படித்த உள்ளூர்ப் பிள்ளைகளிடம் தெற்கு ஒலிகள் தலைமுறைக்குத் தலைமுறை தேய்ந்துவந்ததை அங்கே பதிவுசெய்திருக்கிறார்கள். ஜார்ஜியா மாநிலத்தில் 2023-ல் வந்த ஆய்வும் இதையே சொன்னது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய தலைமுறையில் உச்சத்தில் இருந்த அந்த ஒலிகள் அடுத்த தலைமுறையிலேயே சடாரென்று இறங்கிவிட்டன. யாரும் தடை போடவில்லை. பள்ளிக்கூட வாசல் போதுமாக இருந்தது.

என் மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள். அவளிடம் ‘ஆக’ அறவே இல்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு உரிமையும் இல்லை, என்னிடமிருந்து போனதுதானே அவளுக்குக் கிடைக்காமல் போனது.

2019-ல் எங்கள் மாடி அலுவலகத்தை மூடினார்கள். அங்கே டாக்டர் பேசப் பேசக் கணினியே எழுதிவிடுகிறது. எல்லாரும் ஹெட்போனைத் திருப்பிக் கொடுத்தோம். பெடல் நான் சொந்தக் காசில் வாங்கியது, வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். ஆறு வருஷம் பரணில் கிடந்தது.

போன மாதம் அப்பாவைப் பேசவைத்து போனில் பதிவு செய்தேன். காற்றைப் பற்றி, நீரோட்டத்தைப் பற்றி, அவருடைய அப்பாவோடு போன நாட்களைப் பற்றி மூன்று மணி நேரம். முதலில் போனிலேயே பேச்சை எழுத்தாக்குகிற வசதியில் போட்டுப் பார்த்தேன். சோளகம் என்கிற காற்றின் பெயரை அது வேறு என்னென்னவோ எழுதியது. ‘ஆக’ வந்த இடமெல்லாம் ஒன்று தப்பாக எழுதியது, அல்லது விட்டுவிட்டது. பக்கம் முழுக்கப் பிளாங்க். பரணில் ஏறிப் பெடலை எடுத்துத் துடைத்தேன். தம்பி பழைய கணினி ஒன்றைக் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தான்.

உட்கார்ந்த முதல் அரைமணி நேரம் கை ஓடவில்லை. அப்பா ‘வந்தாக’ என்று சொல்லும்போது கடைசி எழுத்து ‘க’வும் இல்லை ‘ஹ’வும் இல்லை, நடுவில் மூச்சு மட்டும் போகிறது. கீழக்கரையில் ‘ஹ’ போட்டு எழுதுவார்கள். எதைப் போடுவது? லாத்தாவுக்கு போன் போட்டேன். எழுபதை நெருங்குகிறார், குரல் மட்டும் அப்படியே. முழுசாகக் கேட்டுவிட்டு, “ஒங்க வாப்பா எழுதுனா எப்புடி எழுதுவாஹ?” என்று கேட்டார். அப்பாவிடம் தாளையும் பேனாவையும் கொடுத்தேன். ‘க’ போட்டார்.

விதி நினைவுக்கு வந்தது. மேற்கோள் குறியைத் திறந்தேன். பெடலை ஓரத்தில் மிதித்துப் பின்னால் போய், முதலிலிருந்து கேட்டேன்.

“எங்கப்பா இருந்தாகள்ல, அவுக மானத்தெப் பாக்க மாட்டாக. தண்ணியத்தான் பாப்பாக. அங்கிட்டு வாடை கெளம்புறதுக்கு முந்தியே இங்கிட்டுத் தண்ணி நெறம் மாறிப்போகும்னு சொல்லுவாக.”

நடுவில் மிதித்தேன். அடுத்த வரி ஓடியது.